விடிய வந்த வெள்ளை மணிகள்

வணக்கம் நேயர்களே. திருகோணமலை உப்புவெளியில் வீட்டோடு ஓர் அறையில் சோப்பும், முகத்தில் பூசுகிற தண்ணீரான சீரமும் செய்கிறவள் நான். பாதரசம் கலந்த கிறீமைப் பூசி முகம் கெட்டுப்போன பிள்ளைகளைக் கண்ட பிறகுதான் இந்த வேலையில் இறங்கினேன். சீரம் பழக வருகிறவர்கள் என்னிடம் எதைப் போடுவது என்றுதான் கேட்கிறார்கள். அதை எப்படிக் கரைப்பது என்று கேட்பவர் குறைவு. இன்று அதைப் பேசுவோம்.

நான் கெடுத்த ஒரு போத்தலிலிருந்து தொடங்குகிறேன். 100 மில்லிலீட்டர் தண்ணீரில், முகப்பருவுக்குப் பூசும் அசெலாயிக் அமிலம் 2 கிராம் போட்டேன். பச்சைத் தண்ணீரில் அது கரையவில்லை. சூடாக்கினேன், பளிங்கு மாதிரித் தெளிந்தது. சந்தோஷமாக மூடி வைத்துவிட்டுப் படுத்தேன். விடிய எழும்பிப் பார்த்தால் அடியில் வெள்ளை மணிகள். விரலில் தேய்த்தால் நறநறவென்றது. 20 பாகை செல்சியஸில் ஒரு லீட்டர் நீரில் அந்த அமிலம் ஏறத்தாழ 2.4 கிராம்தான் கரையும். என் போத்தலுக்குக் கால் கிராம்கூட இல்லை. மிச்சமெல்லாம் சூட்டின் தயவில் நின்றது, ஆறியதும் திரும்பி வந்துவிட்டது. பருவுக்குப் போடும் இன்னொன்றான சலிசிலிக் அமிலத்துக்கும் இதே குணம். புரோப்பிலீன் கிளைக்கோல் என்கிற கரைக்கும் திரவத்தில் கரைத்தாலும், மேலே தண்ணீரை அள்ளி ஊற்றினால் மறுபடி பிரியும். அசெலாயிக் வேண்டுமென்றால் கிறீமாகச் செய்யுங்கள் என்பதே என் எண்ணம்.

வைட்டமின் பி3இன் ஒரு வடிவமான நியாசினமைட் அப்படியில்லை, சீனி மாதிரி. 100 கிராம் சீரத்துக்கு 5 கிராம் போட்டாலும் பச்சைத் தண்ணீரிலேயே கரைந்துவிடும். பிஎச், அதாவது அமிலத்தன்மையின் அளவு, மட்டும் 5க்கும் 7க்கும் இடையில் இருக்கட்டும்; எண் குறையக் குறைய அமிலம் கூடும். அமிலம் கூடினால் அது மெல்ல மெல்ல நிக்கோட்டினிக் அமிலமாக மாறும். முகம் சிவந்து காந்தும். வைட்டமின் சி, அதாவது அஸ்கோர்பிக் அமிலம், பிஎச் 3.5க்குக் கீழே கேட்கிற பொருள். அதனால் இரண்டையும் ஒரே போத்தலில் நான் கலப்பதில்லை.

முகக் கருமைக்குப் போடும் அல்பா அர்பியூட்டினும் தண்ணீரில் கரையும், ஆனால் சூடு ஆகாது. கன்னியா வெந்நீர்க் கிணற்றில் அள்ளித் தலையில் ஊற்றுகிறோமே, அதைவிடவும் ஆறிய பிறகு சேருங்கள். சீரத்தைத் தடிப்பாக்கச் சாந்தன் கம் என்கிற பசைத்தூள் போடுகிறவர்கள் அதை முதலில் கிளிசரினில் குழைத்துக்கொள்ள வேண்டும். நேரே தண்ணீரில் தூவினால் கட்டி கட்டியாகிவிடும்.

அப்புறம் தண்ணீர். எங்கள் கிணறு வாளியில் காவி படியவிடும் கிணறு. ஒருமுறை அந்தத் தண்ணீரில், கருமைக்குப் போடும் கோஜிக் அமிலத்தைக் கரைத்தேன். கலக்கக் கலக்க இளஞ்சிவப்பு ஏறியது. இரும்பு அந்த அமிலத்தோடு சேர்ந்தால் அந்த நிறம்தான் வரும். அன்றிலிருந்து காய்ச்சி வடித்த நீர் மட்டும்தான்.

செய்து முடித்ததும் ஒரு சின்னப் போத்தலை இரவு முழுக்க பிரிட்ஜில் வையுங்கள். காலையில் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துச் சாய்த்துப் பாருங்கள். அடியில் ஒரு மணி உருண்டாலும் சரி, அதை யாருக்கும் கொடுக்காதீர்கள்.