பூக்காரம்மாவிடம் ஒரு மனு

நடுவர் ஐயாவுக்கும் பங்குத்தந்தைக்கும், பனிமய மாதா திருவிழாவுக்குக் கொடியேறிய நாளிலிருந்து இந்த மணலில் வந்து உட்காரும் உங்களுக்கும் வணக்கம். பத்து நிமிஷம் கொடுத்தார்கள், அதில் ஒன்று மைக் சரிசெய்யவே போய்விட்டது.

மாதா பக்திக்கு ஆதாரம் வேதமும் வரலாறுமா, மக்களின் பாசமா என்பது இந்தப் பட்டிமன்றத்தின் தலைப்பு. நான் முதல் அணி, வேதமும் வரலாறும் என்கிற பக்கம். லூக்கா முதல் அதிகாரத்தில் ஆரம்பிக்கலாம் என்று குறிப்பெல்லாம் எழுதி வந்தேன். எதிரணித் தம்பி கெடுத்துவிட்டார். கானா ஊர்க் கல்யாணத்தில் திராட்சை ரசம் தீர்ந்துபோச்சு என்று மாதா வந்து சொன்னதும் இயேசு சொன்ன பதில். "ஸ்திரீயே, எனக்கும் உனக்கும் என்ன" என்று பழைய மொழிபெயர்ப்பை எடுத்து வாசித்துவிட்டு, மகனே இப்படிக் கேட்ட பிறகு அந்த அம்மாவிடம் போய் வேண்டுவது, கலெக்டர் ஆபீஸ் கதவு திறந்திருக்கும்போது வாசலில் இருக்கிற பூக்காரம்மாவிடம் மனு கொடுப்பது மாதிரி என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், பொய் சொல்ல மாட்டேன்.

சரி தம்பி, அந்தக் கல்யாண வீட்டுக்கே போவோம். கானாவுக்கு அல்ல, எங்கள் தெருவுக்கு.

பக்கத்து வீட்டில் கல்யாணம். மட்டன் பிரியாணி. எங்கள் அம்மா இரண்டாவது பந்தியில் உட்கார்ந்து பாதி இலை சாப்பிட்டிருப்பார், பட்டென்று தலையைத் தூக்கினார். என்னம்மா என்றேன். "கேட்டியா?" என்றார். நாதஸ்வரமும் பேச்சுமாக ஒரே இரைச்சல், எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவுக்குக் கேட்டது. உள்ளே, தேக்சாவின் அடியைக் கரண்டி சுரண்டுகிற சத்தம். கரக்... கரக். பந்தியில் இருநூறு பேர், பெண்ணின் அப்பாவுக்குத் தெரியாது, மாப்பிள்ளைக்குத் தெரியாது, பரிமாறுகிற பையன்களுக்கே தெரியாது. அந்த ஒரு சத்தம் ஒரு அம்மா காதில் மட்டும்தான் விழுந்தது.

அப்படியே எழுந்து, கையைக்கூடக் கழுவாமல், வாசலில் கூட்டாளிகளோடு நின்ற என் அண்ணனிடம் போனார். "தம்பி, அவங்க வீட்ல சோறு தீந்துபோச்சு." அவ்வளவுதான். இதைச் செய், அதைச் செய் என்று ஒரு வார்த்தை இல்லை. அண்ணன் என்ன சொன்னான் தெரியுமா? "எம்மா, அது நம்ம வீட்டுக் கல்யாணமா? நமக்கென்ன?"

தம்பி, கவனிங்க. "எனக்கும் உனக்கும் என்ன."

அம்மா பதிலே சொல்லவில்லை. பரிமாறுகிற பையன்கள் பக்கம் திரும்பி, "ஏலே, இவன் சொல்றதைச் செய்யுங்கலே" என்று சொல்லிவிட்டு இலைக்குத் திரும்பிவிட்டார். அண்ணன் அதற்குள் சட்டைப்பையில் வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருக்கிறான்! அரை மணி நேரத்தில் பஜாரிலிருந்து கூடை கூடையாகப் பரோட்டா, வாளியில் சால்னா. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் கேட்டாராம், "என்னய்யா, நல்ல ஐட்டத்தைக் கடைசிப் பந்திக்கு ஒளிச்சு வச்சிருந்தீங்களா?"

கானாவில் பந்தி மேற்பார்வையாளர் கேட்டதும் அதே கேள்வி. யோவான் இரண்டாம் அதிகாரம், வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். அங்கே ஆறு கற்சாடி, ஒவ்வொன்றும் இரண்டு மூன்று குடம் கொள்ளும், அத்தனை தண்ணீரும் ரசமானது. எங்கள் தெருவில் பரோட்டா. 'என்ன' என்று கேட்ட மகன் செய்யாமல் இருந்தாரா? அதே ஸ்திரீயே என்ற சொல்லால்தான் சிலுவையில் தொங்கும்போதும் கூப்பிட்டார், "ஸ்திரீயே, அதோ, உன் மகன்" என்று. அதுவும் விரட்டியதா? பூக்காரம்மா கலெக்டரைப் பெற்றவராக இருந்தால் மனு எங்கே போகும் தம்பி?

இப்போது நேரம் இல்லை, வேகமாகச் சொல்கிறேன். "என் ஆண்டவரின் தாய் என்னிடம் வர நான் யார்?" என்றவர் மாதாவின் உறவுக்காரர் எலிசபெத்து. "எல்லாத் தலைமுறையினரும் என்னைப் பேறுபெற்றவர் என்பர்" என்றவர் மரியாவே. ஏவாள் போட்ட முடிச்சை மரியாவின் கீழ்ப்படிதல் அவிழ்த்தது என்று ஆயர் இரனேயு எழுதியது இரண்டாம் நூற்றாண்டில். இயேசுவுக்குச் சகோதரர்கள் உண்டே, மாதா எப்படி என்றும் கன்னி என்று கேட்கிறீர்கள். சித்தப்பா மகனைத் தம்பி என்று கூப்பிடுகிற தமிழ்நாட்டில் நின்றுகொண்டு இதைக் கேட்கலாமா?

431இல் எபேசு நகரில் ஆயர்கள் கூடிய சங்கம். கிறிஸ்துவின் தாய் என்றால் போதும், கடவுளின் தாய் வேண்டாம் என்றார் கான்ஸ்டாண்டிநோபிள் ஆயர் நெஸ்தோரியு. சங்கம் அவரை மறுத்தது. அன்றிரவு அந்த ஊர் ஜனம் தீப்பந்தம் பிடித்து ஆயர்களை விடுதிவரைக்கும் கூட்டிப்போனது. அதற்குப் பிறகுதான் ரோமில் மூன்றாம் சிக்ஸ்துஸ் பாப்பரசர் மாதாவுக்குப் பெரிய கோயில் எழுப்பினார். அதை நேர்ந்தளித்த நாள் எது? ஆகஸ்ட் 5. நம் பனிமய மாதா திருநாள்! கோடையில் அந்தக் கோயில் நிற்கிற குன்றில் பனி பெய்தது என்பது கதை, தூத்துக்குடி வெயிலில் அதை நான் வாதமாக வைக்கவில்லை.

மாதா ஜென்மப் பாவமில்லாமல் கருவானார் என்கிற அமல உற்பவம் 1854இல், உடலோடு விண்ணுக்கு எடுக்கப்பட்டார் என்கிற விண்ணேற்பு 1950இல், திருச்சபை அறிவித்த எல்லாம் நேற்று வந்தவை என்றார் தம்பி. விண்ணேற்புக்கு நேர் வசனம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கல்யாணமாகி முப்பது வருஷம் கழித்து பாஸ்போர்ட்டுக்காகப் பதிவுச் சான்றிதழ் வாங்கினால், கல்யாணம் அன்றைக்கா நடந்தது?

மான்செஸ்டர் நூலகம் ஒன்றில், எகிப்திலிருந்து வந்த ஒரு பாப்பிரசுத் துண்டு, நாணல் தாள், இருக்கிறது. மூன்றாம் நூற்றாண்டு என்பவர்கள் உண்டு, இல்லை பிந்தையது என்பவர்களும் உண்டு. கிரேக்கத்தில், கிழிந்த வரிகளில், ஒரு செபம். அதைத் தமிழில் நீங்கள் எல்லாருமே சொல்லியிருக்கிறீர்கள், மன்றாட்டுமாலை முடிந்ததும். "சர்வேசுரனுடைய பரிசுத்த மாதாவே, இதோ உம்முடைய சரணமாக ஓடி வந்தோம்..."

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா, ஒரே நிமிஷம்.

கடைசி இரண்டு வருஷம் அம்மாவுக்கு நினைவு இல்லை. என் பெயர் தெரியாது, பரோட்டா வாங்கி வந்த அண்ணனைப் பார்த்து, நீங்க யாரு தம்பி என்பார். ஆனால் ராத்திரி நாங்கள் இந்தச் செபத்தை ஆரம்பித்தால், "பாராமுகமாயிராதேயும்" என்கிற இடத்தை அவர்தான் எடுத்துச் சொல்வார், தெளிவாக. எதிரணிக்குப் பாயிண்ட் கொடுக்கிறேன் என்று தெரிகிறது, பரவாயில்லை, எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் ராத்திரி செபம் முடிந்து அண்ணன் போர்வையை இழுத்துவிடுகிறான். அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"தம்பி, கடைசிப் பந்தி உக்காந்தாச்சா?"

அண்ணன் என்னைப் பார்த்தான். "ஆச்சும்மா," என்றான். "எல்லாரும் சாப்பிட்டாச்சு."