திரும்ப வருமா, வராதா?

வணக்கம் நேயர்களே. பினாங்கில் அறிவியல் படிக்கிற எந்தப் பிள்ளையை நிறுத்திக் கேட்டாலும், "திரும்பக் கொண்டுவர முடிந்தால் பௌதிக மாற்றம், முடியாவிட்டால் இரசாயன மாற்றம்" என்று மூச்சு விடாமல் ஒப்பிக்கும். எனக்கு அந்த ஒரு வரியோடுதான் தகராறு.

தைப்பூசத்துக்கு இரதம் தண்ணீர்மலைக்குப் போகிற வழியெல்லாம் மலை மலையாகத் தேங்காய் உடைக்கிறோமே, உடைத்ததை யாராவது ஒட்டவைக்க முடியுமா? ஆனாலும் ஓடு ஓடுதான், பருப்பு பருப்புதான், புதுப் பொருள் ஒன்றும் பிறக்கவில்லை. ஆக அது பௌதிக மாற்றம். கார் பேட்டரி நேர் எதிர். மின்சாரம் இறங்கும்போது உள்ளே இருக்கும் ஈயமும் ஈய டைஆக்சைடும் கந்தக அமிலத்தோடு சேர்ந்து ஈய சல்பேட்டாகின்றன, சார்ஜ் ஏற்றினால் பழையபடி திரும்பிவிடுகின்றன. அசல் இரசாயன மாற்றம், தினமும் திரும்புகிறது!

கேட்க வேண்டிய கேள்வி, பொருள் அதேதானா என்பது. சூடத்தைத் திறந்து வைத்தால் வில்லை சிறுத்துக்கொண்டே போகும். உருகாமலே ஆவியாகிச் சூடமாகவே காற்றில் கலக்கிறது, மூக்கே சாட்சி. கொளுத்தினால் கார்பன் டைஆக்சைடு, நீராவி, கொஞ்சம் கரி. அங்கே சூடம் இல்லை.

சரி, இப்போது ரப்பர் பால், நம் தாத்தா பாட்டி தோட்டத்தில் வெட்டிய பால். இங்கே அந்தக் கேள்வியே கொஞ்சம் தடுமாறும். பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர், மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். ஒவ்வொரு ரப்பர் துகளையும் எதிர்மின்னேற்றம் கொண்ட புரதப் படலம் மூடியிருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தனித்தனியே மிதக்கின்றன. மங்கில், அதாவது மரத்தில் பால் வடியும் கிண்ணத்தில், அப்படியே விட்டால் பாக்டீரியா புகுந்து அமிலத்தை உண்டாக்க, பால் தானாகக் கட்டிப்போகும். பார்மிக் அமிலம் ஊற்றினால் சீக்கிரமே கட்டும், அம்மோனியா கலந்தால் கட்டாது. அமிலம் அந்த மின்னேற்றத்தைச் சமன் செய்கிறது, துகள்கள் மோதிப் படலம் கிழிகிறது, உள்ளிருந்த நீளநீளமான ரப்பர் இழைகள் பின்னிக்கொள்கின்றன.

இது எந்த மாற்றம்? அமிலம் புரதத்தோடு செய்த வேலை இரசாயனம், மறுக்க முடியாது. ஆனால் ரப்பர் மூலக்கூறு முன்னும் பின்னும் அதேதான், கூட்டம் சேர்ந்ததோடு சரி. ரப்பரைப் பொறுத்தவரை பௌதிகம் என்றுதான் நான் சொல்வேன். சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

அடுத்த கட்டத்தில் சண்டைக்கே இடமில்லை. வெறும் ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். 1839இல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் அதைக் கந்தகத்தோடு சூடாக்கியபோது, கந்தக அணுக்கள் இழைக்கும் இழைக்கும் நடுவே பாலம் போட்டுவிட்டன. அது வேறு பொருள். அதனால்தான் பழைய பிளாஸ்டிக் வாளியை உருக்குகிற மாதிரி டயரை உருக்கி மறுபடி வார்க்க முடிவதில்லை. அரைத்துத் தூளாக்கி விளையாட்டுத் திடல் தரைக்கும் சாலைத் தாருக்கும் கலக்கிறார்கள்.