இரண்டு நேர்காணலுக்கு நடுவில்

வணக்கம். வேலூர், ராணிப்பேட்டை, வாணியம்பாடிப் பக்கத்து நிறுவனங்களை ஆராயும் மாணவர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். ஒரு நிறுவனம் காலப்போக்கில் எப்படி மாறுகிறது என்று ஆராய்வது பற்றித்தான் பேச்சு. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு நிறுவனத்தில் இன்று சிலரிடம் பேசுகிறோம். மூன்று வருஷம் கழித்து மறுபடி போய்ப் பேசுகிறோம். இரண்டையும் பக்கத்தில் வைத்து, "மாறிவிட்டது" என்று எழுதுகிறோம். அதில் வித்தியாசம் தெரியும், மாறிய விதம் தெரியாது. எந்த உத்தரவு கோப்பிலேயே தூங்கியது, எந்தப் பழைய வழக்கம் புதுப் பெயரில் தொடர்ந்தது என்பதெல்லாம் நடுவில் கிடக்கிறது.

நம் தோல் தொழிலையே எடுத்துக்கொள்ளுங்கள். தோல் ஆலைக் கழிவுநீரால் பாலாறு மாசுபட்ட வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 1996 ஆகஸ்ட் 28இல். பழைய மேஸ்திரி ஒருவரைக் கேட்டால், "தொண்ணூத்தாறுக்கு அப்புறம்தாங்க எல்லாம் மாறிச்சு" என்பார். அவர் அதை நம்பித்தான் சொல்கிறார். ஆனால் முடிவு தெரிந்த பிறகு, முன்னால் நடந்ததை அதற்கேற்ப அடுக்கிக்கொள்வது மனித இயல்பு. வழக்கு 1991ஆம் ஆண்டினுடையது. பல ஆலைகளின் கழிவுநீரைச் சேர்த்துச் சுத்தம் செய்யும் பொதுச் சுத்திகரிப்பு நிலைய வேலைகளும் தீர்ப்புக்கு முன்பே தொடங்கிவிட்டன. அதனால் அன்றைய காகிதத்தைத் தேடுங்கள்: கூட்டக் குறிப்பு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கடிதம், கரண்ட் பில். சுத்திகரிப்பு மோட்டார் எந்த மாதம் நிஜமாக ஓட ஆரம்பித்தது என்று பில் காட்டிக்கொடுக்கும். எனக்கு மிகவும் பிடித்த சான்று அது.

நிறுவன மாற்றத்தை ஆராய்ந்த ஆண்ட்ரூ பெட்டிக்ரூ, ஐ.சி.ஐ. என்ற பிரிட்டிஷ் ரசாயன நிறுவனத்தின் இருபது வருஷத்துக்கும் மேற்பட்ட போக்கை ஆராய்ந்து 1985இல் நூலாக்கினார். பெரிய மாற்றங்கள் அங்கே வியாபார நெருக்கடியை ஒட்டித்தான் வந்தன. உள்ளே நடந்ததை மட்டும் பார்த்திருந்தால் இது பிடிபட்டிருக்காது.

ஆன் லேங்லி என்ற ஆய்வாளர், இப்படித் திரட்டிய தகவல்களிலிருந்து மாற்றத்தின் போக்கைப் புரிந்துகொள்ள 1999இல் ஏழு வழிகளைச் சொன்னார். அதில் ஒன்று, காலத்தைக் கூறுபோட்டு ஒப்பிடுவது. 'தீர்ப்புக்கு முன், பின்' என்று பிரிக்கலாம், சரி. ஆனால் அந்தக் கோடு நம் வசதிக்காக நாம் போட்டது. எல்லா நிறுவனமும் அதே படிகளில் ஏறும் என்று அதிலிருந்து சொல்லிவிட முடியாது.

அப்புறம், "என்ன மாறியது?" என்று கேட்காதீர்கள். கேட்டால் தயாராக வைத்திருக்கும் கதைதான் வரும். "புது மோட்டார் வந்த வாரம் அதை யார் ஓட்டினார், பழைய குழியை என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள். பதிலை வாங்கியதும், அன்றைய தேதியைப் போட்டு, உங்களுக்கு அன்று தோன்றியதையும் தனியாக எழுதி வையுங்கள். பிறகு உங்கள் கருத்து மாறினாலும் அந்தக் குறிப்பை அழித்துத் திருத்த வேண்டாம். கீழே புதிதாக எழுதுங்கள்.