அரை மில்லிமீட்டர் ஏமாத்தம்: நிலா மண் எடுக்கிற குழாய், பாகம் 3

வணக்கம் மக்களே. மண்டபம் கடற்கரைல நிக்கிறேன். கச்சான் காத்து போட்டுச் சாத்துது, மைக்ல இரைச்சல் வந்தா பொறுத்துக்கங்க.

நிலாவுல மண் அடுக்கு கலையாம எடுக்கிற குழாயோட மாதிரியை இங்க செஞ்சு சோதிக்கிறோம் இல்லையா, அதுல முதல்ல ஆதங்கத்தைக் கொட்டிடுறேன். 40 மில்லிமீட்டர் அலுமினியக் குழாய், சுவர்த் தடிமன் 1 மிமீ வேணும்னு எழுதிக் கொடுத்தேன். 480 ரூபா வாங்கிட்டு ராமநாதபுரத்துல ஒரு கடைல கொடுத்தது இது. வெர்னியர் அளவுகோல் வச்சுக் காட்டுறேன், பாருங்க... 1.5. "அரை மில்லி தானே சார்"ங்கிறாங்க. அரை மில்லிதான் இங்க எல்லாமே!

கணக்கைக் கேளுங்க. வெளிவிட்டத்தோட வர்க்கத்துல இருந்து உள்விட்டத்தோட வர்க்கத்தைக் கழிச்சு, உள்விட்ட வர்க்கத்தால வகுக்கணும். 1 மிமீ சுவர்னா உள்விட்டம் 38, விடை 10.8 சதவீதம். 1.5 மிமீன்னா உள்விட்டம் 37, விடை 16.9. குழாய் இறங்குறப்ப அவ்வளவு மண்ணு எங்கயாவது நகர்ந்தே ஆகணும். மண் அடுக்கு கலையாம வர இந்த அளவு 10 சதவீதத்தை ஒட்டி இருக்கணும்.

அந்த மண்ணு எந்தப் பக்கம் நகருதுங்கிறதை முனையோட சரிவு தீர்மானிக்கும். 1969ல அப்போலோ 11 கொண்டுபோன குழாய்க்கு முனை புனல் மாதிரி, வாய் அகலம், உள்ளே போகப் போகக் குறுகல். விண்வெளி வீரர் ஆல்ட்ரின் சுத்தியலால அடிச்ச அடியில மேல் முனையே நசுங்குச்சு, குழாய் ஆழமா இறங்கல. புட்டுக்குழாய்ல மாவை இறுக்கி அமுக்கினா ஆவியும் ஏறாது, தள்ளினாலும் வராது இல்லையா, அதே கதைதான். அப்போலோ 12ல முனையை மாத்தினாங்க. அப்போலோ 15ல இருந்து 4 செமீ அகலத்துல மெல்லிய குழாய்.

அதனால இந்தக் குழாய்லயே ரெண்டு முனையும் கடைஞ்சு வாங்கியிருக்கேன். இந்தப் பக்கம் உள்சரிவு, அந்தப் பக்கம் வெளிச்சரிவு. லேத் பட்டறைல 350 ரூபா, வேலை சுத்தம். மேல் முனைல மரக்கட்டை வச்சு அடிங்க, இல்லன்னா கூர் போயிரும்.

தனுஷ்கோடி மணல்லயே சோதிக்கலாமேன்னு நிறைய பேர் கேட்டீங்க. வேண்டாம். அலையும் காத்தும் உருட்டி உருட்டி வழவழன்னு ஆன மணல் அது. நிலால காத்தும் இல்ல தண்ணியும் இல்ல, ஒவ்வொரு துகளும் உடைஞ்ச கண்ணாடி மாதிரி முனையோட நிக்கும். கல் உடைக்கிற கிரஷர்ல கிடைக்கிற தூள் வாங்கி மாவுச் சல்லடைல சலிச்சுக்கங்க. மாஸ்க் இல்லாம சலிக்காதீங்க, நுரையீரலுக்கு ரொம்பக் கெடுதல். டிரம்ல கீழ 30 செமீக்கு 10 லிட்டர் இடத்துல 17 கிலோ வர்ற மாதிரி குத்தி இறுக்குங்க. மேல 15 செமீக்கு அதே 10 லிட்டர் இடத்துல 15 கிலோ போதும். நிலா மண்ணும் மேல பொலபொலன்னு இருக்கும், கீழ இறுகிக் கிடக்கும்.

ஆ, ஒண்ணு விட்டுட்டேன். அடைக்கும்போதே 5 செமீக்கு ஒரு தடவை செங்கல் பொடி மெல்லிசாத் தூவிடணும். அதுதான் நமக்குச் சாட்சி.

சரி, முடிவு. உள்சரிவு முனை சுத்தியலால 40 அடி அடிச்சதுல 17 செமீ போய் நின்னுருச்சு. உள்ள இருந்தது 11 செமீ மண்ணுதான். குழாயைத் திருப்பிப் போட்டு அடிச்சேன், 22 அடியில 30 செமீ! உள்ள 27 செமீ மண்ணு! தண்ணி ஊத்தி ஊறவிட்டு, பாதியாப் பிளந்த பிவிசி பைப் மேல தள்ளி, தங்கூசியால, அதான் தூண்டில் நைலான் நரம்பால, நீளவாக்குல அறுத்தாச்சு. கேமராவைக் கிட்டக் கொண்டுவரேன்... முதல்ல எடுத்ததுல செங்கல் கோடெல்லாம் குடை மாதிரி ஓரம் கீழ மடங்கிருக்கு. ரெண்டாவதைப் பாருங்க, கோடு நேரா இருக்கு. சுவரை ஒட்டி மட்டும் ஒரு நூல் அளவு வளைவு. அந்த வளைவு 1.5 மிமீ சுவரோட வேலைன்னுதான் நினைக்கிறேன், அதான் எனக்கு இவ்வளவு கோவம்.

சுத்தியல் இல்லாம கையால அமுக்கிப் பார்க்கிறவங்க எடை மிஷின் மேல நின்னு அமுக்குங்க. எடை எவ்வளவு குறையுதோ அதுதான் நீங்க கொடுக்கிற விசை. நிலால உடம்பு, உடுப்பு எல்லாம் சேர்த்தே 30 கிலோ மாதிரிதான் கனக்கும். அதுக்கு மேல அமுக்கினா மனுசன்தான் மேல எழும்புவான். அமுக்கிறதை விட எடுக்கிறது பெரிய பாடு. அப்போலோ 15ல துளைக்கருவிக் குழாய் மண்ணுல மாட்டிக்கிட்டு, ரெண்டு பேர் சேர்ந்து இழுக்க வேண்டியதாப் போச்சு. 16க்கு ஜாக்கி கொண்டு போனாங்க.

கைப்பிடி சொல்லல பாருங்க. டி வடிவம்தான். விண்வெளி உடுப்போட காத்தடைச்ச கையுறைல விரலை மடக்கி மடக்கிப் பிடிச்சா அஞ்சு நிமிஷத்துல முன்கை கடுத்துரும், உள்ளங்கையால அழுத்துற பிடிதான் தாங்கும். இங்க தோல் கையுறைக்கு மேல ரப்பர் கையுறை ரெண்டு போட்டுப் பழகுங்க.

குழாயைப் படுக்க வைக்கிறதுக்கு முன்னாடி மண்ணு மேல ஒரு தக்கை இறக்கிடுங்க, இல்லன்னா மேல் அடுக்கு சரிஞ்சு அவ்வளவு பாடும் வீண். சோதனைக்கு ஃபோம் துண்டு போதும். நிஜ வேலைக்கு ரப்பர், கிரீஸ், எண்ணெய் எதுவும் மண்ணுல படக்கூடாது. 1 மிமீ குழாய் மதுரைல சொல்லியிருக்கேன், வந்ததும் இதே டிரம்ல, இதே 22 அடி.