புழு குளவியாகிறதா? பெயரில்லாத ஒரு குளவிக்குப் பெயர் கிடைக்கும் கதை

[திரையில்: இலையின் மேல் ஒரு பச்சைப் புழு. அதன் முதுகெங்கும் சிறு வெள்ளைக் கூடுகள்.]

குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகிவிடும் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அப்படி நம்பியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், ஏனென்றால் அவர்கள் பார்த்ததெல்லாம் உண்மைதான். குளவி வந்து புழுவைக் கொட்டியது; சில நாள் கழித்து, புழு இருந்த இடத்திலிருந்து குளவி பறந்தது. இடையில் நடந்தது மட்டும் அவர்கள் கண்ணில் படவில்லை. திரையில் தெரியும் இந்தப் புழுவின் முதுகில் அரிசிமணிபோல் ஒட்டியிருப்பவற்றை அதன் முட்டைகள் என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அவை, தாய்க் குளவி புழுவின் உடலுக்குள் செலுத்திய முட்டைகளிலிருந்து பிறந்து, உள்ளிருந்தபடியே அதைத் தின்று வளர்ந்து, தோலைத் துளைத்து வெளியே வந்த குளவியின் இளம்புழுக்கள் தம்மைச் சுற்றிப் பின்னிக்கொண்ட பட்டுக்கூடுகள்.

இப்படி இரையாகும் உயிருக்கு அறிவியல் தமிழில் ‘விருந்தோம்பி’ என்றொரு சொல் வழங்குகிறது. வந்த விருந்தாளி வீட்டுக்காரரையே சாப்பிட்டு முடிக்கும் விருந்து இது. பேனும் உண்ணியும் நம்மை உயிரோடு விட்டுவைக்கும், இந்த ஒட்டுண்ணிக் குளவிகள் விட்டுவைப்பதில்லை. வேறுபாடு அவ்வளவுதான். இத்தகைய குளவிகளைக் கருணையுள்ள ஒரு கடவுள் வேண்டுமென்றே படைத்திருப்பார் என்று தம்மால் நம்ப முடியவில்லை என 1860-ஆம் ஆண்டு டார்வின் ஒரு கடிதத்தில் எழுதினார்.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். அந்தக் கூட்டைத் திறந்துகொண்டு வரும் 2 மில்லிமீட்டர் நீளமுள்ள குளவிக்கு இதுவரை யாரும் பெயரே வைக்கவில்லை என்றால், அது எப்படித் தெரியவரும்? பிடிப்பது கடினமன்று. கூடாரம் போன்ற வலைப்பொறியை நிறுத்தலாம்; மஞ்சள் கிண்ணத்தில் நீர் ஊற்றி இரண்டு சொட்டு சோப்புக் கரைசல் விட்டும் வைக்கலாம். காட்டில் கிடைப்பது ஒரு குளவி மட்டுமே. அது புதிய சிற்றினமாவது, ஏற்கெனவே பெயர் பெற்ற அத்தனை உறவினர்களிடமிருந்தும் அது வேறானது என்று ஒருவர் மேசையில் அமர்ந்து நிறுவிய பிறகுதான்.

[திரையில்: குண்டூசியில் கோத்த முக்கோண அட்டை. அதன் நுனியில் ஒரு குளவி.]

குண்டூசியை நேராகக் குத்தினால் இந்த அளவுள்ள குளவி சிதைந்துவிடும் என்பதால், ஒரு சிறிய முக்கோண அட்டையின் நுனியில் துளிப் பசை வைத்து, அதன் மார்பின் பக்கவாட்டை அதில் ஒட்டுகிறார்கள். இனி நுண்ணோக்கியின் அடியில் முதலில் பார்க்க வேண்டியது இடுப்பு. என்னை மிகவும் மகிழ்வித்த செய்தியும் இதுதான், ஆகவே சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள். நாம் குளவியின் இடை என்று சொல்லும் அந்த ஒடுங்கிய பகுதி, மார்பும் வயிறும் சேரும் இடம் அன்று. வயிறு கண்டங்கள் எனப்படும் வளையம் போன்ற துண்டுகளால் ஆனது; அதன் முதல் கண்டம் மார்போடு ஒட்டி இறுகிப்போய்விட்டது. அதற்கும் இரண்டாம் கண்டத்துக்கும் நடுவில்தான் அந்த ஒடுக்கம் இருக்கிறது. அதாவது, நீங்கள் மார்பின் பின்பகுதி என்று நினைப்பது உண்மையில் வயிறு! மார்போடு சேர்ந்துவிட்ட அந்தக் கண்டத்தின் மேற்பரப்பில் உள்ள மேடுகளும் வரிகளும் பல குளவிகளில் சிற்றினத்துக்குச் சிற்றினம் மாறுகின்றன. ஆகவே குளவி ஆய்வாளர்கள் நாள்கணக்கில் உற்றுப்பார்ப்பது நாம் பெயர்கூடச் சொல்லத் தெரியாத இந்த இடத்தைத்தான்.

பிறகு இறக்கை நரம்புகள், உணர்கொம்பின் கணுக்கள், பின்காலின் நீளத்தோடு ஒப்பிட்டால் முட்டையிடும் ஊசியின் நீளம் எத்தனை மடங்கு என்பது போன்ற அளவுகள் எல்லாம் வரிசையாகக் குறிக்கப்படுகின்றன. முன்னிறக்கையில் ஒரேயொரு குறுக்கு நரம்பு இருக்கிறதா இல்லையா என்பதே இக்நியூமோனிட், பிராகோனிட் என்ற இரு பெரும் குடும்பங்களைப் பிரித்தறியப் பெரும்பாலும் போதுமானது. வெறும் தூசிபோல் இருக்கும் டிரைக்கோகிரம்மா குளவிகளிலோ இவை எதுவும் கைகொடுப்பதில்லை. அவற்றைப் பிரித்தறிய ஆணின் பிறப்புறுப்பின் வடிவமே நம்பகமான அடையாளம் என்பதை 1968-லும் 1971-லும் வெளியான ஆய்வுகளில் காட்டியவர்கள் சுதா நாகர்கட்டி, நாகராஜா என்ற இந்திய ஆய்வாளர்கள்.

‘இத்தனை நுணுக்கம் எதற்கு, குளவி குளவிதானே’ என்று கருத்துப் பெட்டியில் எழுதப் போகிறவர்களுக்காக ஒரு கதை வைத்திருக்கிறேன்.

[திரையில்: எலுமிச்சை வகைப் பழத்தின் தோலில் செதில் செதிலாகச் சிவப்புப் புள்ளிகள்.]

கலிபோர்னியாவின் ஆரஞ்சு, எலுமிச்சைத் தோட்டங்களைச் சிவப்புச் செதில் பூச்சி பாழாக்கிக்கொண்டிருந்தது. அது ஆசியாவிலிருந்து போன பூச்சி, ஆகவே அதன் எதிரியையும் ஆசியாவிலேயே தேடினார்கள். தேடிப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பியதற்குக் காரணம், எதிரி கிடைக்காதது அன்று. செதிலுக்கு அடியில் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் நீளமுள்ள மஞ்சள் குளவி கிடைத்தது; அதைப் பார்த்துவிட்டு, ‘இது அஃபிடிஸ் கிரைசோம்ஃபாலிதான், நம் ஊரில் ஏற்கெனவே இருக்கிறது, பெரிதாக ஒன்றையும் சாதிக்கவில்லை’ என்று விட்டுவிட்டார்கள். ஒரு தடவை அன்று, பல பத்தாண்டுகள் இதே தவறு நீடித்தது. அவர்கள் பார்த்த மஞ்சள் குளவிகள் ஒன்றல்ல, பல சிற்றினங்கள் என்ற தெளிவு பிறந்த பிறகுதான், 1940-களின் இறுதியில் தென் சீனாவிலிருந்து அஃபிடிஸ் லிங்னானென்சிஸ் கொண்டுவரப்பட்டது. அடுத்து 1956, 1957-ஆம் ஆண்டுகளில் இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் இன்னொன்று போய்ச் சேர்ந்தது. பால் டிபாக் என்ற ஆய்வாளர் 1959-இல் அதற்கு அஃபிடிஸ் மெலினஸ் என்று பெயரிட்டார். அது கலிபோர்னியாவின் உட்பகுதிகளில், தனக்கு முன்பே வந்திருந்த லிங்னானென்சிஸைச் சில ஆண்டுகளிலேயே ஓரங்கட்டிவிட்டு, செதில் பூச்சியை அடக்கும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டது. மூன்றும் நம் கண்ணுக்கு ஒரே மஞ்சள் புள்ளிதான். ஒன்றை மற்றொன்றாக எண்ணியதற்குத் தோட்டக்காரர்கள் கொடுத்த விலை, ஏறத்தாழ அரை நூற்றாண்டு.

இவ்வளவு கவனமாகப் பார்த்தும் கண் ஏமாறும் என்பதை மரபணுச் சோதனை பின்னர் காட்டியது. கோஸ்டா ரிகாவின் குவானகாஸ்டே பாதுகாப்புப் பகுதியில் புழுக்களை வளர்த்து, அவற்றிலிருந்து வெளிவந்த 2,597 குளவிகளை ஆராய்ந்தபோது, உருவத்தை வைத்து 171 சிற்றினங்களாகத் தோன்றியவை, டிஎன்ஏ-வின் ஒரு சிறு துண்டைப் படித்ததும் 313 ஆகின. அவற்றில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவை ஒரே ஒரு வகைப் புழுவையோ, மிஞ்சினால் இரண்டு வகைகளையோ மட்டுமே தாக்குகின்றன. இந்த ஆய்வு 2008-இல் வெளியானது.

அப்படியென்றால் டிஎன்ஏ போதுமே, மேடும் வரியும் எதற்கு? இதே கோஸ்டா ரிகாவின் பிராகோனிட் குளவிகளில் 403 புதிய சிற்றினங்களை 2021-இல் ஒரே கட்டுரையில் அறிவித்தார்கள். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு விளக்கமாகத் தரப்பட்டவை ஒரு டிஎன்ஏ வரிசையும் ஒரு நிழற்படமும்தான். இருக்கிற சில ஆய்வாளர்கள் பழைய முறையில் எழுதிக்கொண்டிருந்தால் காடு அழிவதற்குள் முடியாது என்ற அவர்கள் தரப்பில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் என் வாக்கு எதிர்த்தரப்புக்கே: டிஎன்ஏ எடுக்க முடியாத பழைய மாதிரியைக் கையில் வைத்திருப்பவர், அது இந்த 403-இல் ஒன்றா என்று எப்படிச் சொல்வார்? நீங்கள் எந்தப் பக்கம் என்பதைக் கீழே எழுதுங்கள்.

பெயர் வைப்பதற்கு வருவோம். பன்னாட்டு விலங்கியல் பெயரிடல் நெறிமுறைப்படி ஒரே ஒரு மாதிரியை ‘ஹோலோடைப்’ என்று குறிப்பதே பரிந்துரைக்கப்படும் முறை. பெயர் என்றென்றைக்கும் அந்த ஒற்றை உடலோடு கட்டப்பட்டிருக்கும், அதற்குச் சிவப்புச் சீட்டுக் குத்திவைப்பது வழக்கம். நாளை யாருக்காவது ஐயம் எழுந்தால் கட்டுரையை மட்டும் படித்தால் போதாது, அந்த உடலையும் பார்த்தாக வேண்டும். பெயரில் விளையாடத் தடையில்லை. ஈக்வடாரில் கிடைத்து 2014-இல் விளக்கப்பட்ட ஒரு குளவிக்குப் பாடகி ஷகிராவின் பெயரை வைத்து அலியோடிஸ் ஷகிரே என்றார்கள், அதனிடம் அகப்பட்ட புழு வளைந்து நெளிவது இடுப்பு நடனத்தை நினைவூட்டியதாம். பெயர் வைத்தவர்களின் பார்வையில் அது நடனம்; புழுவை யாரும் கேட்கவில்லை.

இத்தனைக்கும் பிறகு அச்சாகும் விளக்கங்களின் கடைசியில் பெரும்பாலும் இரண்டு சிறிய வரிகள் இருக்கும்: ‘ஆண்: அறியப்படவில்லை. விருந்தோம்பி: அறியப்படவில்லை.’ பொறியில் விழுந்த குளவி, தான் எந்தப் புழுவிலிருந்து வந்தது என்று சொல்லாது. ஆகவே, வண்ணத்துப்பூச்சி வரும் என்று ஆசையாக நீங்கள் வளர்க்கும் புழுவிலிருந்து குளவி வந்துவிட்டால், தயவுசெய்து இரண்டையும் தூக்கி எறியாதீர்கள். புழுவின் படம் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். அது தின்ற செடியின் பெயர், தேதி, இடம் ஆகியவற்றை ஒரு துண்டுத்தாளில் பென்சிலால் எழுதி, புழுவின் வெற்றுத்தோலையும் குளவியையும் ஒரே குப்பியில் எரிசாராயத்தில் போட்டு, குளவிகளை ஆராயும் ஒருவரிடம் சேர்த்துவிடுங்கள். பென்சில்தான், பேனா வேண்டாம். எரிசாராயத்தில் மை கரைந்துவிடும்.