ஆடுகிற கைக்கு இன்னும் கரண்டா? - சந்தேகங்களுக்கு விளக்கம்

மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருந்தார். அவருடைய அப்பாவுக்குப் பத்து வருஷமாகப் பார்க்கின்சன். மாத்திரை முன்பு போலக் கேட்பதில்லை. திருவனந்தபுரத்தில் டாக்டர் பார்த்துவிட்டு, மூளைக்குள் கம்பி இறக்கி, நெஞ்சில் பேட்டரி வைக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். இவருடைய சந்தேகம் இதுதான்: "அப்பாவுக்கு நரம்பில் கரண்ட் கூடிப்போய்த்தானே கை ஆடுது? அதுல இன்னும் கரண்ட் கொடுத்தா எப்படி சார் நிக்கும்?"

நல்ல கேள்வி. பத்தாம் வகுப்பில் இப்படி ஒரு பிள்ளை கேட்டிருந்தால் அன்றைய பாடத்தை அப்படியே நிறுத்தியிருப்பேன்.

முதலில் ஒரு திருத்தம். கரண்ட் கூடிப்போனது நோய் இல்லை. நரம்பணுக்கள் எல்லாம் ஒரே தாளத்துக்குப் போய்விட்டதுதான் கோளாறு. என் வீடியோக்களைப் பார்த்துவரும் பழைய ஆட்களுக்கு நான் சொன்ன ஊசல் கடிகாரக் கதை ஞாபகம் இருக்கும். மறுபடியுமா என்று சலித்துக்கொள்ளாதீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். 1665இல் ஹைகன்ஸ் என்கிற டச்சு விஞ்ஞானி உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தார். ஒரே சட்டத்தில் தொங்கிய இரண்டு கடிகாரங்களைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். எப்படி ஆட்டிவிட்டாலும் அரைமணி நேரத்தில் இரண்டு ஊசலும் ஒரு கணக்குக்கு வந்துவிடுகின்றன. சட்டத்தின் வழியாக ஒன்றின் ஆட்டம் மற்றதற்குப் போகிறது, அவ்வளவுதான். யாரும் கட்டளையிடவில்லை.

மூளையிலும் இப்படி நடக்கும். அடியாழத்தில் சப்தலாமிக் நியூக்ளியஸ் என்று ஒரு பயறு அளவு இடம் இருக்கிறது. பார்க்கின்சனில் டோபமின் என்கிற மூளை ரசாயனம் குறையும்போது அங்கே உள்ள அணுக்கள் கூட்டமாக, வினாடிக்கு 13 முதல் 30 தடவை வரையிலான தாளத்தில் துடிக்க ஆரம்பிக்கும். பீட்டா அலை என்று சொல்வார்கள். இது நமக்கும் உண்டு. நாம் கையைத் தூக்கப் போகும்போது அது தணிந்து வழிவிடும். பார்க்கின்சனில் வழிவிடாது. அதனால்தான் அந்த விறைப்பு, அந்த மெதுவான நடை.

தோவாளை பூச்சந்தையை நினைத்துப் பாருங்கள். விடியுமுன்னே ஒருத்தர் பிச்சிக்கு விலை சொல்வார், ஒருத்தர் கேந்திக்கு, ஒருத்தர் அரளிக்கு. வெளியிலிருந்து கேட்டால் ஒரே இரைச்சல். ஆனால் அந்த இரைச்சலுக்குள்தான் வியாபாரம் நடக்கிறது. பக்கத்தில் கோயில் கொடைக்கு சிங்காரி மேளம் வந்து நின்று அடிக்கட்டும். மொத்தச் சந்தையும் காலைத் தட்டிக்கொண்டு நிற்கும். ஆள் இருக்கிறது, சத்தம் முன்பைவிடக் கூட இருக்கிறது, ஒரு முழம் பூ விற்காது. எல்லோரும் ஒன்றையே சொன்னால் அதில் சேதி இல்லை. இதை நான் எத்தனை வீடியோவில் சொல்லியிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது.

சரி, கரண்டுக்கு வருவோம். 1987இல் பிரான்சில் கிரெனோபிள் நகரத்தில் பெனாபிட் என்கிற மூளை அறுவை நிபுணர் நடுக்கத்துக்கு அறுவை செய்துகொண்டிருந்தார். அன்றைய வழக்கம், மூளையின் உள்ளே தலாமஸ் என்கிற பகுதியில் ஒரு சின்ன இடத்தைச் சுட்டுவிடுவது. சுடுவதற்கு முன்னால் சரியான இடம்தானா என்று மெல்லக் கரண்ட் விட்டுப் பார்ப்பார்கள். குறைந்த அதிர்வெண்ணில் நடுக்கம் நிற்கவில்லை, கூடவும் செய்யும். வினாடிக்கு நூறு வாக்கில் கூட்டியபோது கை சட்டென்று நின்றது. கரண்டை எடுத்தால் திரும்ப ஆடியது. அப்புறம் எதற்குச் சுட வேண்டும், கம்பியை உள்ளேயே விட்டுவிடலாமே என்று தோன்றியது. 1993 வாக்கில் சப்தலாமிக் நியூக்ளியஸுக்கும் இதே முறை வந்தது.

இப்போது வழக்கமாக வைக்கிற அளவு வினாடிக்கு 130 துடிப்பு. ஒவ்வொன்றும் 60 மைக்ரோ வினாடி. பெருக்கிப் பாருங்கள், ஒரு வினாடியில் எட்டு மில்லி வினாடிகூட இல்லை. இதைப் போய் மூளைக்கு ஷாக் என்று பயப்படுகிறோம்! மேளம் அடிக்கிற இடத்தில் ஜெனரேட்டரை ஓட்டியது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரைச்சலில் சேதி ஒன்றும் இல்லை. ஆனால் மேளம் கேட்காது. கால் தாளத்தை விட்டுவிடும், ஆட்கள் கையை அசைத்தாவது பூ விற்பார்கள். ஆக, தங்கை, நோயின் கரண்டோடு இன்னும் கொஞ்சம் கரண்ட் சேரவில்லை. தாளத்தின் மேல் ஒரு மூடி விழுகிறது.

எங்கள் பெரியப்பாவை நினைத்துக்கொள்கிறேன். சாயா கிளாஸைக் கையில் எடுத்தால் நடுக்கம் அடங்கும், மடியில் கையை வைத்தால் ஆடும். சும்மா இருக்கும்போது ஆடி, வேலை செய்யும்போது அடங்குவது இந்த நோயின் குணம். அது தெரியாமல், நடிக்கிறார் என்று வீட்டிலேயே சொன்னோம். காட்டிய இடத்தில் வயசு என்று எழுதி அனுப்பினார்கள். எனக்கு இன்றைக்கும் அது உறுத்தல்தான்.

அப்பாவுக்கு எது சரியாகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாத்திரை நன்றாகப் பிடிக்கிற நேரத்தில் எதெல்லாம் சரியாகிறதோ, பெரும்பாலும் அதுதான் இதிலும் சரியாகும். நடுக்கம் மட்டும் மாத்திரைக்கு அடங்காவிட்டாலும் இதற்கு அடங்கலாம். மறதி, பேச்சுக் குழறல், நடக்கையில் விழுவது, இவற்றுக்கு இதை நம்பிப் போகாதீர்கள். நோய் வளர்வதும் நிற்காது. சார்ஜ் ஏற்ற முடியாத பேட்டரி என்றால் சில வருஷத்தில் மாற்ற வேண்டி வரும், அந்தச் செலவையும் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நீங்கள் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. சுவிட்சை அணைத்ததும் நடுக்கம் ஏன் திரும்புகிறது? மூடியை எடுத்தால் அடியில் மேளக்காரர்கள் அப்படியே நிற்கிறார்கள், அதனால்தான். பீட்டர் டாஸ் என்கிற ஜெர்மன் ஆராய்ச்சியாளர் இங்கேதான் வேறு வழி பிடித்தார். இரைச்சல் வேண்டாம், மேளக்காரர்களை நாலு கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்தையும் வெவ்வேறு நேரத்தில் தட்டிவிடு என்றார். ஒரு கூட்டம் தாளத்தின் ஒன்றாம் தட்டில் இருக்கும்போது இன்னொன்று மூன்றாம் தட்டில் இருக்கும். தாளம் குலையும். சேர்ந்து துடிக்கிற அணுக்களுக்கிடையே பிணைப்பு வலுப்படும், பிரிந்து துடித்தால் தளரும். அதனால் அவை சேர்ந்து அடிப்பதையே மறக்க வேண்டும் என்பது கணக்கு. 2012இல் குரங்குகளில் பார்த்தார்கள். சில நாள் மட்டும் கொடுத்துவிட்டு நிறுத்திய பிறகும் பலன் வாரக்கணக்கில் நின்றது. வழக்கமான முறையில் அப்படி நிற்கவில்லை.

இது இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது, அப்பாவுக்குச் சொல்லியிருப்பது பழைய முறைதான். பீட்டா கூடும்போது கரண்டைக் கூட்டி, தணிந்தால் குறைக்கிற கருவி மட்டும் ஆராய்ச்சியைத் தாண்டி வந்துவிட்டது. அமெரிக்காவில் 2025இல் அனுமதி கொடுத்தார்கள். டாக்டரிடம் அதைப் பற்றிக் கேளுங்கள். கேட்டுவிட்டு அவர் என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள். அடுத்தது குளச்சலிலிருந்து ஒரு தம்பி, வலிப்பும் இதே மேளம்தானா என்று கேட்கிறார். ஆமாம் தம்பி, ஆனால் அங்கே ஆடுகிற சந்தை வேறு. சாயா குடித்துவிட்டு வருகிறேன்.