வேலை முடிந்த பிறகு வரும் அழைப்பு

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் தொழிற்சங்க மூத்தோர்களே, நாள் முழுவதும் வேலை செய்துவிட்டுக் கைக்குழந்தைகளோடு பின்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். காய்ச்சலோடு வந்திருக்கும் தலைவர் அவர்கள், கூட்டம் முடியும்வரை இருப்பேன் என்று உறுதியளித்திருக்கிறார்கள். அந்தப் பெருந்தன்மைக்கு முதலில் நன்றி சொல்வது என் கடமை.

வேலையையும் வீட்டையும் எப்படிச் சமாளிப்பது என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. நேரத்தைத் திட்டமிடுவது, வீட்டுப் பொறுப்பைப் பங்கிட்டுக்கொள்வது, வேலை நேரத்துக்கு எல்லை வகுப்பது என மூன்று செய்திகளைச் சொல்ல வந்தேன். முதலாவதைச் சொல்லித்தரப் பயிற்சி வகுப்புகள் ஏராளமாக இருக்கின்றன. ஆனால், சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? கையில் நேரமே மிஞ்சாதவர் எதைத் திட்டமிடுவார்?

என் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். என் தாயார் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தார். காலையில் ஒன்று, இரவில் ஒன்று. ஒரு வியாழக்கிழமை இரவு மாத்திரை அட்டையும் தண்ணீருமாக அவர் அருகில் நின்றிருந்தபோது அலுவலகத்திலிருந்து மேலதிகாரி அழைத்தார். ஒரு கோப்பு எந்த அலமாரியில் இருக்கிறது என்று கேட்டார். பேச்சு நீண்டு இருபது நிமிடம் ஆயிற்று. திரும்பி வந்தபோது தம்ளர் காலியாக இருந்தது. மாத்திரை கொடுத்தேனா, வெறும் தண்ணீரை மட்டும் கொடுத்தேனா என்பது எனக்கு நினைவில்லை, தாயாருக்கும் நினைவில்லை. அட்டையை விளக்கருகே பிடித்து எண்ணினோம். திங்கள் இரவு தொடங்கியது. கொடுத்திருந்தால் ஏழு குழிகள் காலியாக இருக்க வேண்டும். ஏழுதான் இருந்தன. ஆனால் முந்தின நாள் ஒரு மாத்திரை கட்டிலுக்கடியில் உருண்டு போனதாகத் தாயாருக்கு ஒரு நினைப்பு. கட்டிலை நகர்த்தித் தேடினேன், கிடைக்கவில்லை. மருத்துவரைக் கேட்டபோது, சந்தேகம் இருப்பதால் இன்றிரவு இன்னொன்று வேண்டாம், கவனித்துக்கொண்டிருங்கள் என்றார். விடியும்வரை அருகிலேயே உட்கார்ந்திருந்தேன். தாயார் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "காலையில் சொல்கிறேன் ஐயா என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா, தம்பி?" என்று மட்டும் கேட்டார். சொல்லும் துணிவு எனக்கு அன்று இல்லை. அந்தக் கோப்பு மறுநாள் பிற்பகல்தான் தேவைப்பட்டது.

நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று தொழிற்சாலை வேலைக்கு வரம்பு வகுத்தது, பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1919இல் நிறைவேற்றிய முதல் உடன்படிக்கை. ஆலைச் சங்கு ஊதினால் வேலை முடிந்தது என்றிருந்த காலத்தில் பிறந்த வரம்பு அது. இன்றைக்குச் சங்கு நம் சட்டைப் பையிலேயே இருக்கிறது. ஊதி ஓய்வதே இல்லை. பிரான்சு நாட்டில் 2017 முதல், பணி நேரத்துக்குப் பின் தொடர்பிலிருந்து விலகியிருக்கும் உரிமையைத் தொழிலாளர் சட்டமே பேசுகிறது. 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்கள் இதைப் பற்றி ஊழியர் தரப்போடு பேச்சு நடத்த வேண்டும். அங்கே முடிந்தது எங்கும் முடியும் என்பதே என் உறுதியான நம்பிக்கை.

வீட்டுப் பொறுப்பைப் பங்கிடுவது தனிக் கூட்டமே போடத்தக்க பொருள். உலகெங்கும் கூலியில்லாமல் நடக்கும் வீட்டு வேலையிலும் பராமரிப்பிலும் முக்கால் பங்குக்கு மேல் பெண்களே சுமக்கிறார்கள் என்று அதே பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2018இல் மதிப்பிட்டது. இதைச் சொன்னால் பங்கிட மாட்டேன் என்று எந்த ஆணும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வேலை விடவில்லை என்கிறோம். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? மாலையை வேலை எடுத்துக்கொண்டபின் பங்கிட என்ன மிஞ்சுகிறது? ஆகவே இந்தக் கேள்வியும் என் கோரிக்கையிடமே வந்து சேர்கிறது.

பணி நேரம் முடிந்த பிறகு வரும் அழைப்பை ஏற்காத ஊழியர்மீது நடவடிக்கை கூடாது; அவசரம் என்றால் எது அவசரம் என்பதை முன்கூட்டியே எழுதி ஒப்புக்கொள்ள வேண்டும்; அப்படி அழைத்த நேரம் வேலை நேரமாகக் கணக்கிடப்பட வேண்டும். இந்த மூன்று வரிகள் கொண்ட மனு வாசலருகே மேசையில் இருக்கிறது. கையெழுத்திடுவோர், நேற்றிரவு தமக்கு வந்த கடைசி அலுவலக அழைப்பின் நேரத்தையும் பெயருக்குப் பக்கத்தில் குறித்துவிட்டுச் செல்லுமாறு வேண்டுகிறேன். தலைவர் அவர்கள் முதல் கையெழுத்தை இட்டிருக்கிறார்கள். பக்கத்தில் இரவு 10.40 என்று எழுதியிருக்கிறார்கள்.